பின் நம்பர் யார் கையில்?

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் மீன் கூடையை இறக்கும் பெண்ணிடமும், சிதம்பரம் தெற்கு வீதியில் முழம் போட்டுப் பூ விற்பவரிடமும் இப்போது ஒரு கியூஆர் அட்டை இருக்கிறது. இருபது ரூபாய்ப் பூவுக்கும் போனை நீட்டுகிறார்கள். பக்கத்துக் கடையின் சின்ன ஸ்பீக்கர் பெட்டி, வந்த தொகையைச் சத்தமாகச் சொல்கிறது. நாடு முழுவதும் 2025 ஆகஸ்ட் மாதத்தில் மட்டும் யுபிஐ வழியாக 2,000 கோடிக்கும் மேற்பட்ட பரிவர்த்தனைகள் நடந்தன. கைமாறிய தொகை ஏறத்தாழ 24.85 லட்சம் கோடி ரூபாய். நம் மாவட்டத்து மீனும் முந்திரியும் பண்ருட்டிப் பலாவும் அந்தக் கணக்கில் அடக்கம்.

பத்தே ஆண்டுகளில் வந்த மாற்றம் இது. இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஒன்று வியக்கிறார்கள், இல்லையென்றால் பயப்படுகிறார்கள். "சில்லறைத் தொல்லை ஒழிந்தது" என்பார் ஒருவர். "உள்ளதையெல்லாம் உருவிவிடுவான்" என்பார் இன்னொருவர். இரண்டு பேச்சிலும் உண்மை உண்டு. ஆனால் கடலூரிலிருந்து கிள்ளை வரைக்கும் உள்ள கடற்கரையையும், புவனகிரி, காட்டுமன்னார்கோவில் பக்கத்துக் கிராமங்களையும் மனத்தில் வைத்துப் பார்க்கும்போது, முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை நாம் கேட்கவே இல்லை என்று தோன்றுகிறது. கணக்கு அம்மாவுடையது, போனும் அம்மாவுடையது. அந்தக் கணக்கைத் திறக்கும் பின் நம்பர் யாருக்குத் தெரியும்? கைபேசிப் பணத்தின் நன்மையும் ஆபத்தும் சட்டப் பாதுகாப்பும் எந்தப் பக்கமாகப் போனாலும் இந்தக் கேள்வியிடம்தான் வந்து நிற்கின்றன என்பது என் முடிவு.

பணம் போனுக்குள் இல்லை

யுபிஐ என்ற ஏற்பாட்டைத் தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகம் உருவாக்கியது. 2016 ஏப்ரலில், ரகுராம் ராஜன் ரிசர்வ் வங்கி ஆளுநராக இருந்தபோது அறிமுகமானது. அதே ஆண்டு நவம்பர் 8 இரவு 500, 1,000 ரூபாய்த் தாள்கள் செல்லாமல் போனதும், விருப்பப்பட்டவர்களின் வசதியாக இருந்தது எல்லோருக்கும் தேவையாக மாறியது.

ஜிபே, போன்பே போன்ற ஆப்புகளில் நம் பணம் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். போன் தொலைந்தால் பணமும் போய்விடும் என்று அஞ்சுவது அதனால்தான். பணம் எப்போதும் வங்கிக் கணக்கில்தான் இருக்கிறது. ஆப்பைப் பதிவு செய்யும்போது போன் தானாகவே ஒரு எஸ்எம்எஸ் அனுப்புகிறது. இந்த சிம் இந்தப் போனில்தான் இருக்கிறது என்பது அதிலிருந்து உறுதியாகிறது. பிறகு டெபிட் கார்டு விவரத்தையோ ஆதார் ஓடிபியையோ கொடுத்துப் பின் நம்பரை நாமே அமைக்கிறோம். அந்தப் பின் மறையாக்கம் செய்யப்பட்டு வங்கிக்குப் போகிறது, சரிபார்ப்பது வங்கிதான். ஆகவே காவல் காக்க வேண்டியவை இரண்டு: சிம், பின்.

இன்னொரு விதியும் இதிலிருந்தே பிறக்கிறது. பின் நம்பர் கேட்கப்படுவது, பணம் நம் கணக்கை விட்டு வெளியே போகும்போது மட்டும்தான். இருப்புத் தொகையைப் பார்ப்பது ஒன்றே விதிவிலக்கு. பணம் வாங்குவதற்குப் பின் போட வேண்டியதில்லை, ஸ்கேன் செய்யவும் வேண்டியதில்லை. "உங்களுக்குப் பணம் அனுப்புகிறேன், இதை ஸ்கேன் செய்து பின் போடுங்கள்" என்று எவராவது சொன்னால், அவர் அனுப்புகிறவர் அல்ல, எடுக்கிறவர். இந்த ஒன்றை மட்டும் ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருந்தால் எத்தனையோ குடும்பங்கள் தப்பியிருக்கும். தனிநபருக்குத் தனிநபர் பணம் கேட்டு அனுப்பும் கோரிக்கை வசதியே மோசடிக்கு வழியானதால், 2025 அக்டோபர் 1 முதல் அதை நிறுத்திவிட்டார்கள். விற்பவர்களுக்கு ஒரு வார்த்தை: வாடிக்கையாளர் காட்டும் ஸ்கிரீன்ஷாட் ரசீது ஆகாது. ஸ்பீக்கர் சொல்ல வேண்டும், அல்லது உங்கள் வங்கியின் மெசேஜ் வர வேண்டும்.

  

பணம் இருக்கும் அந்த வங்கியை நம்புவதற்கும் நம் பக்கத்தில் ஒரு வரலாறு உண்டு. 1906 அக்டோபரில் சென்னையின் அர்பத்நாட் நிறுவனம் மூழ்கியபோது, பணம் போட்டு வைத்திருந்த ஆயிரக்கணக்கானவர்கள் நடுத்தெருவுக்கு வந்தார்கள். அந்த அடியிலிருந்து எழுந்ததுதான் 1907இல் தொடங்கிய இந்தியன் வங்கி. வழக்கறிஞர் வி. கிருஷ்ணசுவாமி அய்யரோடு அதை நிறுவ முன்னின்றவர்களில் ஒருவர் ராமசாமி செட்டியார். சிதம்பரத்தில் பின்னாளில் பல்கலைக்கழகம் கண்ட அண்ணாமலை செட்டியாரின் தமையன் அவர். இன்று கடலூர் மாவட்டத்தின் முன்னோடி வங்கி அதே இந்தியன் வங்கிதான். அர்பத்நாட்டில் போட்டவர்களுக்குக் காப்பு எதுவும் இல்லை. இன்று வங்கியே மூழ்கினாலும், ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் ரூபாய் வரை வைப்புக் காப்பீடு உண்டு. 2020 பிப்ரவரி வரை அது 1 லட்சமாக இருந்தது. வங்கி மூழ்கினால் காப்பாற்ற ஏற்பாடு இருக்கிறது. நம் பின் நம்பர் நம் கையை விட்டுப் போனால் அந்த ஏற்பாடு உதவாது.

ஆயிரம் ரூபாய் வரும் நாள்

2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம், தொடக்கத்திலேயே ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுத்தது. அது கணவர் கைக்குப் போகவில்லை, பெண்ணின் பெயரில் உள்ள கணக்கில் விழுந்தது. முதியோர் உதவித்தொகையும், ஊரக வேலைத் திட்டக் கூலியும் கணக்குக்கே வருகின்றன. வங்கி வாசலை மிதிக்கத் தயங்கிய பெண்களுக்கும் மாதாமாதம் போனில் மெசேஜ் வருகிறது. இதை நான் பெரிய மாற்றமாகவே பார்க்கிறேன்.

ஆரம்பத்தில் சில வங்கிகள் அந்த ஆயிரத்திலிருந்தே குறைந்தபட்ச இருப்புக் கட்டணத்தைப் பிடித்தன. அப்போதைய தமிழ்நாட்டு நிதியமைச்சர் தங்கம் தென்னரசு அதைக் கண்டித்தார். இந்தியன் வங்கி உட்படப் பல பொதுத்துறை வங்கிகள் 2025இல் அந்தக் கட்டணத்தையே விட்டுவிட்டன. எந்த வங்கியானாலும், இருப்பே தேவையில்லாத அடிப்படைச் சேமிப்புக் கணக்கைக் கேட்டு வாங்கும் உரிமை உங்களுக்கு உண்டு. கிளையில் அதை யாரும் தாமாகச் சொல்ல மாட்டார்கள். நாம்தான் கேட்க வேண்டும்.

மெசேஜ் பாட்டியின் போனுக்குத்தான் வருகிறது. அதைப் படித்துச் சொல்வது பேரன். "நீ சும்மா இரு ஆயா, நான் எடுத்தாறேன்" என்று ஏடிஎம் கார்டை வாங்கிக்கொண்டு போகிறவன் நல்ல பிள்ளைதான். ஆப்பை ஏற்றித் தந்தவர் செல்போன் கடைக்காரர். பின் அமைக்கும்போது, ஞாபகம் இருக்கட்டும் என்று பிறந்த வருஷத்தையே போட்டுக் கொடுத்தவரும் அவரே. அந்த எண் கார்டு உறையின் பின்பக்கம் எழுதியிருக்கும். உதவி தேவைப்படாமல் இல்லை. எழுத்தும் எண்ணும் கண்ணும் தடுமாறுகிற வயதில் யாராவது கைகொடுக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பணம் பாட்டியின் பேரில் வந்ததன் நோக்கமே, எப்போது எடுப்பது, எதற்குச் செலவழிப்பது என்று அவரே முடிவு செய்ய வேண்டும் என்பதுதான். பின் இன்னொருவரிடம் இருக்கும்போது அந்த முடிவும் அந்த இன்னொருவரிடமே போய்விடுகிறது.

சட்டமும் இந்த இடத்தில்தான் கைவிரிக்கிறது. அனுமதியில்லாத மின்னணுப் பரிவர்த்தனை பற்றி ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட விதிகளின்படி, தவறு வங்கியுடையதும் அல்ல, வாடிக்கையாளருடையதும் அல்ல என்றால், மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தவருக்கு இழப்பே கிடையாது. நாலு முதல் ஏழு வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் இழப்புக்கு ஒரு வரம்பு உண்டு. வாடிக்கையாளர் பொறுப்பு என்று நிரூபிக்க வேண்டியது வங்கியின் கடமை. ஆனால் வாடிக்கையாளரே பின்னையோ ஓடிபியையோ பகிர்ந்துகொண்டிருந்தால், வங்கியிடம் தெரிவிக்கும் வரைக்கும் போன பணம் போனதுதான். அன்பால் பேரனிடம் சொன்ன நம்பரும் இந்த விதியின் கண்ணில் பகிர்வுதான்.

மாற்று வழிகள் இருக்கின்றன. நம் ஊர்களில் அவற்றைப் பற்றிச் சொல்லத்தான் ஆளில்லை. 2024இல் வந்த 'யுபிஐ சர்க்கிள்' என்ற வசதியில், கணக்குக்காரர் தன் பின்னைச் சொல்லாமலேயே வீட்டில் இன்னொருவரைத் தன் கணக்கிலிருந்து செலவழிக்க அனுமதிக்கலாம். ஒரு தடவைக்கு 5,000, மாதத்துக்கு 15,000 ரூபாய்க்கு மேல் போகாது. அதற்குள் எவ்வளவு என்று அவரே வரம்பு வைக்கலாம். ஒவ்வொரு செலவுக்கும் தன்னிடம் ஒப்புதல் கேட்கும்படியும் அமைக்கலாம். அனுமதியை வேண்டாதபோது எடுத்துவிடலாம். ஸ்மார்ட்போன் இல்லாத பட்டன் போன்காரர்களுக்கு, 2022 மார்ச்சில் தொடங்கிய '123பே' உண்டு. *99# என்று அழுத்தினாலும் இணையமே இல்லாமல் இருப்பைப் பார்க்கலாம், பணமும் அனுப்பலாம். தபால்காரர் வழியாக வீட்டு வாசலிலேயே பணம் எடுக்கும் வசதியை அஞ்சல் துறையின் பேமெண்ட்ஸ் வங்கி 2018 செப்டம்பரிலிருந்து தருகிறது.

கைரேகை வைத்துப் பணம் எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பத்திரப்பதிவு ஆவணங்களில் பதிந்த ரேகையை நகலெடுத்துப் பணம் எடுத்த மோசடிகள் வெளிமாநிலங்களில் நடந்திருக்கின்றன. ஆதார் ஆப்பில் ரேகையைப் பூட்டி வைத்து, வேண்டியபோது மட்டும் திறக்கலாம். மெஷினில் விரல் வைத்தால் ரசீது கேளுங்கள். "சர்வர் இல்லை, இன்னொரு தடவை வையுங்கள்" என்றால், முதல் தடவை வைத்ததற்குக் கணக்கில் பணம் குறைந்ததா என்று பார்த்துவிட்டு வையுங்கள்.

பரங்கிப்பேட்டையும் சிங்கப்பூரும்

பரங்கிப்பேட்டை, கிள்ளை, சிதம்பரம் வட்டாரத்தில் வெளிநாட்டு வருமானத்தில் நிற்கும் வீடுகள் ஏராளம். அவர்களுக்கு ஒரு நல்ல செய்தி பழையதாகியும் பரவவில்லை. 2023 பிப்ரவரி 21 முதல் சிங்கப்பூரின் 'பேநவ்' நம் யுபிஐயோடு இணைந்திருக்கிறது. அங்கிருந்து போன் நம்பரையோ யுபிஐ முகவரியையோ வைத்து நேரடியாக ஊர்க் கணக்குக்கு அனுப்பலாம். நாளொன்றுக்கு வரம்பு 60,000 ரூபாய் என்ற அளவில் தொடங்கியது. இந்தியன் வங்கியும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் முதலிலேயே சேர்ந்துகொண்டன. சிங்கப்பூர், அமீரகம், சவூதி, கத்தார், ஓமன் உள்ளிட்ட நாடுகளில் இருப்போர், அந்த நாட்டு நம்பரிலேயே தங்கள் என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்குக்கு யுபிஐ வைத்துக்கொள்ளவும் வழி செய்யப்பட்டிருக்கிறது.

இந்த வீடுகளில் மறக்கப்படும் ஆபத்து சிம் கார்டு. வெளிநாடு போனவரின் ஊர் நம்பர் ரீசார்ஜ் இல்லாமல் கிடக்கும். 90 நாட்கள் பயன்பாடே இல்லாவிட்டால் அந்த இணைப்பு துண்டிக்கப்படலாம். சில மாதம் கழித்து அதே நம்பர் வேறொருவருக்குப் போகும். வங்கிக் கணக்கில் மட்டும் பழைய நம்பர் அப்படியே இருக்கும். ஓடிபி எல்லாம் முகம் தெரியாத ஒருவருக்குப் போகும். நம்பரை விடுவதென்றால் வங்கியில் முதலில் மாற்றுங்கள். உங்கள் பேரில் எத்தனை சிம் ஓடுகிறது என்பதைத் தொலைத்தொடர்புத் துறையின் 'சஞ்சார் சாத்தி'யில் பார்க்கலாம். நீங்கள் வாங்காத சிம் இருந்தால் அங்கேயே புகார் செய்யலாம். தொலைந்த போன் எந்த சிம்மிலும் இயங்காதபடி முடக்குவதும் அதே இடத்தில்தான்.

ஏமாற்றுகிறவர்கள் வரும் வழி

2024இல் இணைய மோசடியில் இந்தியர்கள் இழந்தது 22,845 கோடி ரூபாய் என்று ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. முந்தைய ஆண்டு அது 7,465 கோடி. மும்மடங்கு! மோசடிகளின் பெயர்களையெல்லாம் அடுக்கிக்கொண்டிருப்பதில் பயனில்லை, மாதத்துக்கு ஒன்று புதிதாக வருகிறது. எல்லாவற்றிலும் பொதுவாக இருப்பது அவசரமும் ரகசியமும். "இப்போதே செய், யாரிடமும் சொல்லாதே." காவல் உடையில் வீடியோ காலில் வந்து 'டிஜிட்டல் கைது' என்று மிரட்டுவதும் அதுதான். அப்படியொரு கைது இந்தியச் சட்டத்தில் எங்குமே இல்லை. ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் என்எல்சி ஊழியர்களும் நிறைந்த மாவட்டம் இது. ஓய்வூதியப் பலன் மொத்தமாக வந்து விழுந்த கணக்குதான் இவர்களுக்குக் குறி.

அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்கும் சிதம்பரத்தில் இன்னொரு பேச்சு அவசியம். "உன் அக்கவுண்ட்டைக் கொஞ்ச நாள் கொடு, கமிஷன் தருகிறேன்" என்று மாணவர்களை அணுகுகிறார்கள். கேட்பதற்குச் சாதுவாக இருக்கும். திருடிய பணம் அந்தக் கணக்கு வழியாகத்தான் கடந்து போகும். போலீஸ் முதலில் வந்து நிற்பது அந்த மாணவர் வாசலில். கணக்கு முடங்கும், வழக்கு வரும், வேலைக்குப் போகும்போது அது பின்தொடரும். பின் நம்பரை விலைக்கே விற்பது இது. கல்லூரிகள் சேர்க்கை நாளிலேயே இதைச் சொல்ல வேண்டும்.

பணம் போய்விட்டது என்று தெரிந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைப்பது. காவல் நிலையத்துக்குப் போவதோ உறவினரிடம் யோசனை கேட்பதோ பிறகுதான். திருடியவர்கள் பணத்தைக் கணக்குக்குக் கணக்கு மாற்றிக்கொண்டே போவார்கள். புகார் பதிவானதும் அந்த வங்கிகளுக்கு உடனே தகவல் போய், வழியில் நிற்கும் தொகை நிறுத்தப்படும். முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தின் விலை அது. பெரும்பாலான குடும்பங்கள் அந்த நேரத்தை வெட்கத்தில் கழித்துவிடுகின்றன. ஏமாந்தவரைத் திட்டுகிற வீட்டில், அடுத்த முறை ஏமாந்தவர் வாயே திறக்க மாட்டார்.

மோசடியே இல்லாமல் பணம் இடையில் சிக்குவதும் உண்டு. தனிநபருக்கு அனுப்பிய யுபிஐ பணம் போய்ச் சேரவில்லையென்றால் அடுத்த நாளுக்குள்ளும், கடைக்கு அனுப்பியதோ ஏடிஎம்மில் சிக்கியதோ ஐந்து நாட்களுக்குள்ளும் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் விதி இது. வங்கி 30 நாட்களில் தீர்க்காவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். விவரம் கேட்க 14448. கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை.

கடன் தரும் ஆப்புகளைப் பற்றிச் சுருக்கமாக. தண்டலுக்கும் குழு லோனுக்கும் பழகிய ஊரில் இவை சுலபமாக நுழைந்துவிட்டன. விதிப்படி, ஆண்டு வட்டி உட்பட எல்லாச் செலவையும் சொல்லும் தாளை முதலிலேயே தர வேண்டும். உங்கள் போனின் தொடர்பு எண்களையும் படங்களையும் எடுக்கக் கூடாது. உங்கள் போட்டோ கேலரியைக் கேட்கும் ஆப்பை அந்த நொடியே நீக்கிவிடுங்கள்.

புயல் நாளில்

இந்த மாவட்டத்தைப் பற்றிய எந்த ஆய்விலும் புயலை விட்டுவிட முடியாது. 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' கரையைக் கடந்தபோது மின்கம்பங்கள் சாய்ந்து, பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. 2015 வெள்ளம். 2024 நவம்பர் 30 இரவு 'ஃபெஞ்சல்', அதைத் தொடர்ந்து தென்பெண்ணை கரைமீறிக் கடலூருக்குள் வந்தது. மின்சாரம் போனால் டவர் போகும். டவர் போனால் போனில் இருக்கும் காசு காசே இல்லை. ஐப்பசி தொடங்கி மார்கழி முடியும்வரை ஒரு வாரச் செலவுக்கான ரொக்கம், நூறும் ஐம்பதுமாக, வீட்டில் இருக்க வேண்டும். பணமில்லாப் பொருளாதாரம் என்று யார் சொன்னாலும் கடலூர்க்காரர்கள் இதை விட்டுக்கொடுக்கக் கூடாது.

போன் உதவுவது வேறு விதத்தில். ஒவ்வொரு வெள்ளத்திலும் பட்டாவும் மதிப்பெண் சான்றும் நனைந்து அழிகின்றன. டிஜிலாக்கரில் ஆதார், ஓட்டுநர் உரிமம், மதிப்பெண் பட்டியல் ஆகியவற்றை அந்தந்தத் துறையிடமிருந்தே பெற்று வைக்கலாம். அவை அசலுக்குச் சமம். பாஸ்புக்கைப் பதித்துப் பாருங்கள்: ஆண்டுக்கொரு முறை 20 ரூபாயோ 436 ரூபாயோ பிடித்திருந்தால், முறையே 2 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடும் 2 லட்சம் ரூபாய் ஆயுள் காப்பீடும் உங்கள் பேரில் இருக்கிறது. கடலுக்குப் போகும் வீடுகளில், இறந்தவருக்கு இது இருந்ததென்றே தெரியாமல் போவதுண்டு. இறந்த தாத்தாவின் பழைய வைப்புகளைத் தேட, ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் தொடங்கிய 'உத்கம்' தளம் உண்டு. பத்தாண்டு கேட்பாரற்றுக் கிடந்த பணத்தையும் வாரிசுகள் வாங்கலாம். வாரிசுதாரர் நியமனம் இப்போது நாலு பேர் வரை செய்யலாம்.

2004 டிசம்பர் 26 காலை, கடலூருக்கு வடக்கே புதுச்சேரி எல்லையில் உள்ள நல்லவாடு மீனவ கிராமத்துக்குச் சிங்கப்பூரிலிருந்து ஒரு போன் வந்தது. அங்கே வேலைக்குப் போயிருந்த ஊர்ப் பிள்ளை, தொலைக்காட்சியில் சுனாமிச் செய்தியைப் பார்த்துவிட்டு அழைத்திருந்தார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே அமைத்திருந்த அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் உடனே அறிவித்தார்கள். ஊர் தப்பியது. ஒருவர் போனுக்கு வந்த சேதி ஒலிபெருக்கியில் ஏறியதால்தான் எல்லோருக்கும் சேதியானது.

மோசடி எச்சரிக்கைகள் இன்று அதற்கு நேர்மாறாக, தனித்தனிப் போன்களில் ஆங்கிலக் குறுஞ்செய்தியாக வந்து படிக்கப்படாமலேயே கிடக்கின்றன. முன்னோடி வங்கியும் மாவட்ட சைபர் குற்றப்பிரிவும் மீனவ ஊர்ப் பஞ்சாயத்துகளின் ஒலிபெருக்கியையும் மகளிர் குழுக் கூட்டத்தையும் பயன்படுத்த வேண்டும். மாதம் ஒருமுறை பத்து நிமிடம் போதும், பேச்சு நம் ஊர்த் தமிழில் இருக்க வேண்டும். அது வரும்வரை வீட்டில் இருக்கும் நாம் செய்யலாம். அடுத்த முறை ஆயிரம் ரூபாய் வந்த மெசேஜை அம்மாவுக்குப் படித்துக் காட்டும்போது, பக்கத்தில் உட்கார்ந்து பின் நம்பரை அவர் கையாலேயே மாற்றச் செய்யுங்கள். அவர் அழுத்தும்போது நீங்கள் வேறு பக்கம் பாருங்கள். 1930 என்ற எண்ணை அவர் போனில் பெயரோடு சேமித்துக் கொடுங்கள்.